ஆயாவின் சர்வேசுரனும் அம்மாவின் தேவனும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச பதிவு இது. ஆபிஸில் ஆணி அதிகம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். உண்மையான காரணம் அது இல்லை என்பது கடைசிவரை படித்தால் தெரியும். கொஞ்சம் நீளம், கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சொந்தக் கதை. பொறுத்தருள்க.

எங்க வீட்டில் கடவுளுக்கு மூணு பேர். ஆயாவுக்கு (அப்பாவைப் பெத்தவங்க, வடசென்னையில் பாட்டி கிடையாது, ஆயாதான்) அவர் சர்வேசுரன். அம்மாவுக்கு தேவன். சர்ச்சில் சாமியார் பிரசங்கத்தில் சொல்வது கடவுள். மூணு பேரும் ஒரே ஆள்தான் என்று எனக்குப் புரியவே ஆறேழு வயசு ஆச்சு. அதுவரை சர்வேசுரன்தான் பெரியவர், தேவன் அவருக்கு அடுத்தவர், கடவுள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருபவர் என்று மனசுக்குள் ஒரு ஆர்கனைசேஷன் சார்ட் வைத்திருந்தேன் :-)

காரணம் சிம்பிள். அப்பா ராயபுரத்துக்காரர், கத்தோலிக்கர். தாத்தா ஹார்பரில் வேலை பார்த்தவர், அவருக்கு முன்னால் இருந்தவர்கள் கடலோடு பிழைத்தவர்கள். அம்மா பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. கல்யாணம் ஆகி வரும்போது அம்மா கொண்டு வந்ததில் முக்கியமானது கறுப்பு அட்டை போட்ட பரிசுத்த வேதாகமம். காலையில் நாலரைக்கு எழுந்து, மோட்டார் போடுவதற்கு முன்னால், சமையலறை லைட்டில் உட்கார்ந்து படிப்பார்கள். வாரநாளில் மூணு அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை அஞ்சு. 66 புத்தகத்துக்கும் சேர்த்து 1189 அதிகாரம். வாரத்துக்கு 23 என்று போனால் 52 வாரத்தில் 1196. ஒரு வருஷத்தில் முழு பைபிளும் முடிந்து, ஏழு அதிகாரத்துக்கு லீவும் எடுத்துக்கலாம். இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அம்மாதான். வருஷா வருஷம் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குக் கிளம்பும் முன்னால் வெளிப்படுத்தின விசேஷத்தை முடித்து விடுவார்கள். டெட்லைனை ஒரு தடவைகூட தவறவிடாத ஒரே ஆள் என் வாழ்க்கையில் அவங்கதான்.

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஜெபமாலைதான். இளம் வயசில் பூசையெல்லாம் லத்தீனில் பார்த்தவங்க. சாமியார் பீடத்தைப் பார்த்து என்னவோ சொல்வார், இவங்க கீழே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவாங்க. பயம் வந்தால் "சேசுவே", தும்மினால் "சேசு மரி சூசை". பைபிள் என்று ஒரு புத்தகத்தை வீட்டில் வைத்து தினமும் படிக்கணும் என்பது அந்தக் காலத்துக் கத்தோலிக்க வீடுகளில் பழக்கமே இல்லை. 1965 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றி ஒரு ஏடு வெளியிட்டது. விசுவாசிகள் எல்லாருக்கும் வேதாகமம் தாராளமாகக் கையில் கிடைக்கவேண்டும், அவரவர் மொழியில் நல்ல மொழிபெயர்ப்பு வேண்டும் என்று சொன்னது அதுதான். அதற்கப்புறமும் அது ராயபுரத்துச் சந்துக்குள் வந்து சேர ரொம்ப வருஷம் ஆனது.

எங்க வீட்டில் வந்து சேர்ந்தது என் மூலமாக. ஆறாம் வகுப்பு படிக்கும்போது மறைக்கல்வியில் ஒரு திருவிவிலியம் பரிசு கிடைத்தது. அன்னிக்கு ராத்திரி ஆயா கேட்டாங்க, "இன்னா நைனா, அதுல சர்வேசுரன் இன்னா சொல்றாரு?" அவ்வளவுதான். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷம், இன்ஜினியரிங் முடித்து வேலைக்குச் சேரும் வரை, சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் ஒரு அதிகாரம் ஆயாவுக்கு நான் படித்தேன். நான் "கடவுள்" என்று படிக்கும் இடத்திலெல்லாம் அவங்க உதடு "சர்வேசுரன்" என்று அசையும். சப்டைட்டில் மாதிரி. "பேதுரு" என்று படித்தால் விடமாட்டாங்க. "யார்ரா அது? ராயப்பருன்னு சொல்லு" என்பாங்க.

இந்த ராயப்பரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். எங்க ஊர்ப் பேரே அவர்தான். பழைய தமிழ்க் கத்தோலிக்கர்கள் வேதாகமப் பெயர்களைச் சும்மா தமிழ் எழுத்தில் எழுதி விட்டுவிடவில்லை, அப்பர் சேர்த்துத் தமிழாக்கினார்கள். பவுல் என்ற பெயருக்கு லத்தீனில் சின்னவர் என்று அர்த்தம், அதனால் சின்னப்பர். யோவான் என்றால் கடவுள் அருளினார், அதனால் அருளப்பர். யோசேப்பு சூசையப்பர். பேதுரு இராயப்பர். அவர் பேரால் ராயப்பர்புரம், தேய்ந்து ராயபுரம். இதுதான் எங்க பக்கத்தில் வழிவழியாகச் சொல்வது. பேதுரு மீனவர், படகுக்காரர். படகுக்காரர்கள் ஊருக்கு வேறு யார் பேரை வைப்பார்கள்?

இந்தப் படகுக்காரர்கள் யார் என்பதைக் கொஞ்சம் சொல்லியாகணும். பின்னால் கதைக்கு வேணும்.

மெட்ராஸ் இவ்வளவு பெரிய ஊரானபோது அதற்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் வந்தால் தூரத்தில் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் கரையை ஒட்டிப் பேயாட்டம் போடும் அலை. அந்த அலையைத் தாண்ட வெள்ளைக்காரன் படகு எதுவும் லாயக்கில்லை, அடித்தால் பலகை உடைந்துவிடும். மசூலா படகு மட்டும்தான் தாக்குப்பிடிக்கும். ஆணியே இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு. அலை அடித்தால் உடையாது, வளைந்து கொடுக்கும். கவர்னர் ஆகட்டும், பீப்பாய் ஆகட்டும், பீரங்கி ஆகட்டும், மெட்ராஸ் மண்ணைத் தொடணும்னா அந்தப் படகில்தான் வரணும். 1861ல் இரும்புத் தூண் போட்ட ஒரு பாலம் கடலுக்குள் நீட்டினார்கள். அப்புறம் ஹார்பர் கட்ட ஆரம்பித்து, 1881 புயலில் பாதி போய், திரும்பக் கட்டி, ஒருவழியாக அந்த நூற்றாண்டு முடியும் நேரத்தில்தான் ஒழுங்கான துறைமுகம் வந்தது. அதுவரை எல்லாம் தோளும் துடுப்பும்தான். ராயபுரத்தில் 1820களில் எழும்பிய புனித ராயப்பர் கோயில் அந்தப் படகுக்காரர்கள் கட்டிக்கொண்டது. நான் ஞானஸ்நானம் வாங்கியது அங்கேதான்.

சரி, இப்போ புத்தகத்துக்கு வருவோம்.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் சீகன்பால்கு. வயசு 24. ஜெர்மன்காரர், அனுப்பியது டென்மார்க் ராஜா. தமிழ் கற்றுக்கொள்ள அவர் போனது திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு. சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க ஆரம்பித்தார். அடுத்த மாசமே டேனிஷ் கமாண்டரோடு தகராறு, நாலு மாசம் ஜெயில். வெளியே வந்து திரும்பத் தொடங்கி 1711 மார்ச்சில் முடித்தார். (நாம இரண்டு நாள் லீவில் போய் வந்தால் கோடு எங்கே விட்டோம் என்று தெரியாது.)

முடித்தது ஓலையிலும் கையெழுத்திலும். அச்சடிக்கணுமே? லண்டனில் எஸ்.பி.சி.கே. என்ற சங்கம் ஒரு பிரஸ்ஸும் பேப்பரும் அனுப்பியது. அந்தக் கப்பலை வழியில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். மீட்டுக் கொண்டு வரும் வழியில் கூட வந்த அச்சுக்காரர் இறந்து போனார். 1712ல் பிரஸ் மட்டும் மெட்ராஸ் வந்து சேர்ந்தது. அப்புறம் தரங்கம்பாடிப் படையில் அச்சு வேலை தெரிந்த ஒரு சிப்பாய் கிடைத்தார். தமிழ் எழுத்து ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து வந்தது, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் சைஸ். அந்த எழுத்தில் அடித்தால் இருக்கிற பேப்பர் பத்தாது. அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். ஈயத்துக்கு? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாவின் ஈயம்! 1714ல் சுவிசேஷங்கள், 1715ல் முழுப் புதிய ஏற்பாடு. சீகன்பால்கு 1719ல், 36 வயசில் இறந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்திருந்தார். மீதியை சூல்ட்சே 1728ல் முடித்தார்.

நான் மேலே ஒரு வரியை வேகமாகத் தாண்டிவிட்டேன், கவனிச்சீங்களா? 1712ல் பிரஸ் மெட்ராஸ் வந்து சேர்ந்தது. எப்படி வந்து சேரும்? துறைமுகம் இல்லாத ஊரில் அந்த இரும்பையும் மரத்தையும் அலை தாண்டி யார் கொண்டு வந்திருப்பார்கள்? படகுக்காரர்கள்தான். வேற வழியே இல்லை. இது எனக்குத் தோன்றிய நாள் ஆபிஸ் பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்த்தார். தமிழில் பைபிள் அடித்த முதல் பிரஸ் எங்க ஆட்கள் தோளில் ஈரம் பட்டு இறங்கியிருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகம் அவர்கள் கைக்கு வர 250 வருஷம் ஆகியிருக்கிறது. அதற்கப்புறமும் ஒரு நூறு வருஷத்துக்கு மேல், லண்டனிலிருந்து பைபிளுக்கு என்று வந்த பேப்பர் கட்டும் மைப் பீப்பாயும் இப்படித்தான் இறங்கியிருக்கும். சுமந்தவர்களுக்கு அது இன்னொரு லோடு. நனையாமல் இறக்கினால் கூலி.

இப்போ ஆயாவின் சர்வேசுரன். அது ஆயா கண்டுபிடித்த வார்த்தை இல்லை. 1578ல் கொல்லத்தில் அச்சான தமிழ்ப் புத்தகத்தின் பெயர் தம்பிரான் வணக்கம். அப்போ கடவுளுக்குத் தம்பிரான். 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காலத்திலிருந்து சர்வேசுரன் நிலைத்தது. எல்லாருக்கும் ஈசுவரன். சீகன்பால்கு கத்தோலிக்கரோடு ஒத்துப்போகாதவர்தான், ஆனாலும் கையில் கிடைத்த கத்தோலிக்கப் புத்தகங்களிலிருந்துதான் வேதச் சொற்களைப் படித்துக்கொண்டார். அதனால் தமிழில் அச்சான முதல் புதிய ஏற்பாட்டிலும் கடவுள் பேர் சருவேசுரன்! லூத்தரன் பைபிளும் எங்க ஆயாவும் ஒரே கட்சி. இதை ஆயாவிடம் சொல்லியிருக்கணும். எனக்குத் தெரிய வந்தபோது அவங்க இல்லை. (வீரமாமுனிவர் தரங்கம்பாடிக்காரர்களின் தமிழைச் செமையாகக் கேலி செய்து எழுதியிருக்கிறார். அந்தக் கால அக்கப்போர் நம்ம கால அக்கப்போருக்குக் குறைஞ்சதில்லை.)

அடுத்த ஆள் ஃபாப்ரிசியஸ். எனக்கு ரொம்பப் பிடித்தவர். 1740ல் இந்தியா வந்து, 1742லிருந்து கடைசிவரை மெட்ராஸ், அதாவது வேப்பேரி. எங்க வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அவருக்குப் பிரஸ் கிடைத்த கதை தனி சினிமா. 1761ல் அயர் கூட் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சு கவர்னர் வைத்திருந்த பிரஸ்ஸையும் தூக்கி வந்தான். மெட்ராஸில் அதை ஓட்டத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அரசாங்கத்துக்கு எப்போ வேணுமோ அப்போ அடித்துத் தரணும் என்ற கண்டிஷனில் ஃபாப்ரிசியஸிடம் கொடுத்துவிட்டார்கள்.

அவர் சீகன்பால்குவின் தமிழைத் திருத்த உட்கார்ந்தார். திருத்தும் முறைதான் விசேஷம். ஒவ்வொரு வாக்கியத்தையும் சத்தமாகப் படித்துக் காட்டுவார். படித்தவர், படிக்காதவர், யார் வந்தாலும் கேட்க வைப்பார். காதுக்கு இடிக்கிறதா, புரிகிறதா என்று கேட்டுத் திருத்துவார். 1772ல் புதிய ஏற்பாடு வேப்பேரியில் அச்சானது. பழைய ஏற்பாடு அதற்கப்புறம் பகுதி பகுதியாக வந்தது. தமிழ் லூத்தரன்கள் அதைத் தங்க மொழிபெயர்ப்பு என்று கொண்டாடினார்கள். அதில் சருவேசுரன் போய்ப் பராபரன் வந்தார். சருவேசுரனில் ஈசுவரன் இருக்கிறார், கேட்பவருக்குச் சிவன் ஞாபகம் வரும் என்பது சங்கடம். பராபரன் மட்டும் என்ன? தாயுமானவர் பராபரக்கண்ணி பாடின ஊர் இது. தமிழில் கடவுளுக்கு இதுவரை யாரும் தொடாத வார்த்தை ஒன்று வேணும் என்றால் எங்கே போவது? எல்லா வார்த்தையிலும் யாரோ ஏற்கனவே சாமி கும்பிட்டிருக்கிறார்கள்.

அந்த மனுஷனின் முடிவு கஷ்டமானது. நம்பி மக்கள் கொடுத்துவைத்த பணத்தைக் கடன் கொடுத்து, வாங்கினவர்கள் திருப்பித் தராமல், வயசான காலத்தில் கடனுக்காக ஜெயிலில் இருந்தார். 1791ல் இறந்தார். போன வருஷம் ஒரு சனிக்கிழமை வேப்பேரி போய், செயின்ட் மத்தியாஸ் சர்ச் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் நடத்திய மிஷன் கோயிலின் வாரிசு அது. வெளியே ஆட்டோ ஹாரன். இங்கேதான் ஒருத்தர் ஒவ்வொரு வரியையும் படிக்காதவங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். நான் பத்துப் பன்னிரண்டு வருஷம் செய்த வேலை. என்ன, ஆயா சொன்ன திருத்தத்தை நான் எதிலும் எழுதி வைக்கவில்லை.

அம்மாவின் ஊரிலும் ஒருத்தர் இருந்தார், ரேனியஸ். 1814ல் மெட்ராஸ், 1820லிருந்து பாளையங்கோட்டை. அவர் மொழிபெயர்ப்பு ஃபாப்ரிசியஸைவிடச் சரளம், ஆனால் மூலத்தைவிட்டு விலகிவிட்டார் என்று குற்றச்சாட்டு. அதோடு அவரை விடுகிறேன், ஏன்னா அடுத்தவர் காத்திருக்கிறார்.

ஆறுமுக நாவலர். ஆமாம், அதே நாவலர். 1840களில் யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் என்ற வெஸ்லியன் பாதிரியாரின் பள்ளிக்கூடத்தில் இருந்தார். பெர்சிவலின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் தமிழ் பார்த்தவர் இவர்தான். இருபது சொச்சம் வயசு. வருஷக்கணக்கில் தினம் தினம் பைபிள். இருவரும் மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் வந்து, மகாலிங்கையர் என்ற வித்வானிடம் காட்டி, தமிழ் நன்றாயிருக்கிறது என்று வாங்கிப் போனார்கள் என்று நாவலர் வரலாற்றில் சொல்வார்கள். (கப்பலில் வந்திருந்தால் நாவலரும் மசூலாவில்தான் இறங்கியிருப்பார்!) 1850ல் அது அச்சானது. ஆனால் மெட்ராஸ் பக்கத்தில் எடுபடவில்லை, உயர்ந்த நடை என்றார்கள். அதில் பராபரன் போய் வந்தவர்தான் தேவன்.

அம்மாவின் தேவன் வந்த வழி இதுதான். முதல் தடவை தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா நாலரை மணிக்கு எழுந்து வாய்விட்டுச் சொல்லும் அந்த வார்த்தை வந்த பைபிளில் திருநீறு பூசிய ஒரு சைவரின் கை இருக்கிறது. அந்த வேலை முடியும் முன்பே, 1848ல், நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டார். 1854ல் சைவ தூஷண பரிகாரம் எழுதினார். கிறிஸ்தவர்கள் சைவத்தைத் திட்டுவதற்குப் பதில். பதிலுக்கு மேற்கோள் முழுக்க பைபிளிலிருந்தே. உங்க பலி, உங்க கோயில், உங்க தூபம் எல்லாம் இதோ லேவியராகமத்தில் இருக்கே, எங்களை ஏன் கேட்கிறீர்கள் என்று.

இந்த இடத்தில் நான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டு நின்றேன். சின்ன வயசிலிருந்து எனக்குச் சொன்னது என்ன? தினமும் வேதம் படி, விசுவாசம் தானாக வளரும். தினம் தண்ணீர் விட்டால் செடி வளர்வது மாதிரி. நாவலரைப்போல் வார்த்தை வார்த்தையாக, வருஷக்கணக்காக பைபிள் படித்த தமிழர் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர் படித்துப் படித்து இன்னும் உறுதியான சைவரானார். எங்க ஆயா ஒரு எழுத்துப் படிக்கவில்லை. தாத்தா போனபோதும், ஒரு பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தபோதும் சர்வேசுரனை விடவில்லை. அப்போ அந்த ஈக்வேஷன் எங்கே நிற்கிறது?

நண்பர் ஒருத்தரிடம் கேட்டேன். "நாவலர் கடமைக்குப் படிச்சாரு, விசுவாசத்தோட படிக்கலை" என்றார். எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. மூணு அதிகாரம், அஞ்சு அதிகாரம் என்று டிக் அடிக்கும் நம்மைவிட அவர் கவனமாகத்தான் படித்திருப்பார். அவர் அந்தப் புத்தகத்தை மதித்தார் என்றே நினைக்கிறேன். மதிக்காதவரால் அவ்வளவு நன்றாக அதை வைத்து அடிக்க முடியாது.

மீதிக் கதையை ஓட்டிவிடுகிறேன். ஆளுக்கொரு பைபிள் சரிப்படாது என்று, மெட்ராஸ் பைபிள் சொசைட்டி (1820ல் ஆரம்பித்தது) முயற்சியில் எல்லா மிஷன்களும் சேர்ந்து ஒரு குழு. தலைமை ஹென்றி பவர். கூட முத்தையா பிள்ளை என்ற தமிழறிஞர். ஃபாப்ரிசியஸை அடிப்படையாக வைத்து, ரேனியஸையும் பெர்சிவலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்து வருஷத்துக்கு மேல் உழைத்து 1871ல் முழு பைபிளையும் கொண்டு வந்தார்கள். தேவன் நிலைத்தார். அம்மாவின் கறுப்பு அட்டை பைபிள் இதுதான். பேரிலேயே பவர், அதனால்தானோ என்னவோ இன்னிக்கு வரை அசைக்க முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டில் லார்சன், மோனஹன் என்று இரண்டு பேர் வழியாகத் திருத்திய பதிப்பு வந்தது. மக்கள் மரியாதையாக வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுப் பழையதையே படித்தார்கள். 1995ல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் கொண்டு வந்தார்கள். தேவன் இருந்த இடத்தில் கடவுள், கர்த்தர் இருந்த இடத்தில் ஆண்டவர், பரிசுத்த ஆவி இருந்த இடத்தில் தூய ஆவி. தமிழ் நல்ல தமிழ். பொது என்று பேர், ஆனால் படிப்பது பெரும்பாலும் நாங்கள்தான். அம்மா அதைக் கையில் எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு, "நியூஸ்பேப்பர் மாதிரி இருக்கு" என்று வைத்துவிட்டார்கள். லெகசி சிஸ்டத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு இது புரிகிறது. யூசர் கைக்குப் பழகிய ஸ்கிரீனை மாற்றினால் எவ்வளவு நல்லதாக மாற்றினாலும் திட்டுதான் விழும். ஆனால் இது ஸ்கிரீன் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு பயந்து எழுந்தால் வாயில் வரும் வார்த்தை.

அப்படி ஒரு ராத்திரியில்தான் என் வாயில் எதுவும் வரவில்லை.

ஆயா 2021ல் போனாங்க. கடைசி இரண்டு வாரம் படுக்கையில். நான் வொர்க் ஃப்ரம் ஹோம், அதனால் பக்கத்திலேயே இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு விட்டுப்போன படிப்பைத் திரும்ப ஆரம்பித்தேன். கடைசி நாள் ராத்திரி திருப்பாடல் ஒன்று படித்துக்கொண்டிருந்தேன். "ஆண்டவர்" வரும் இடம், "கடவுள்" வரும் இடம், ஆயாவின் உதடு அசைகிறதா என்று பார்த்துப் பார்த்துப் படித்தேன். அசையவில்லை. எனக்கு என்ன தோணிச்சோ, கடவுள் என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் சர்வேசுரன் என்று மாற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஆயா கண்ணைத் திறக்கவில்லை, விரல் மட்டும் போர்வைமேல் ஜெபமாலை உருட்டுவது மாதிரி லேசாக அசைந்தது. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் கேட்டால் வேறு சொல்லலாம்.

அடக்கம் முடிந்து வந்த ராத்திரி பைபிளைத் திறந்தேன், மூடினேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் திறக்கவில்லை. கோபம் எல்லாம் இல்லை. யாருக்குப் படிப்பது என்று தெரியவில்லை. எனக்காக நான் ஒரு நாளும் படித்ததில்லை என்பது அப்போதான் புரிந்தது. மொபைலில் ஆப் போட்டேன். காலை ஆறேகாலுக்கு "இன்றைய வசனம்" என்று நோட்டிஃபிகேஷன் வரும். 14 நாள் ஸ்ட்ரீக், 0 நாள் ஸ்ட்ரீக், 3 நாள், 0. கடைசியில் நோட்டிஃபிகேஷனை ஆஃப் செய்தேன். ஆணி அதிகம் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தப் பொய் அப்போ பழகியது.

திரும்ப ஆரம்பித்தது பக்தியில் இல்லை, இந்தச் சரித்திர ஆர்வத்தில்தான். சர்வேசுரன் எங்கேயிருந்து வந்தார் என்று தேடப்போய், ஸ்கேன் செய்த பழைய பதிப்புகளில் விழுந்து, ஒரே வசனத்தை நாலு மொழிபெயர்ப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். டிஃப் பார்க்கிற புத்தி. ஒரு அதிகாரத்துக்கு ஒரு வாரம் ஆகும். அம்மாவின் கணக்குப்படி போனால் நான் முழு பைபிளை முடிக்க 22 வருஷத்துக்கு மேல். ஆனால் ஒரு வார்த்தையில் நிற்கும்போது, இதற்காக ஒருத்தர் ஜெயிலிலிருந்து வெளியே வந்து எழுதினார், ஒருத்தர் படிக்காதவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார், ஒருத்தர் நம்பாமலே நேர்மையாகத் திருத்தினார், ஒருத்தர் யார் என்றே தெரியாமல் தோளில் சுமந்தார் என்று ஞாபகம் வரும். தனியாகப் படிக்கிறேன் என்ற எண்ணம் போய்விட்டது. விசுவாசம் வளர்ந்ததா என்று கேட்டால் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தால் இப்போ ஒரு வார்த்தை வருகிறது. எது என்று சொல்லமாட்டேன்.

நாலு மாசம் முன்னால் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கொஞ்ச நாள் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவின் வருஷாந்திர அட்டவணைக்கு வந்த பெரிய ஆபத்து! "தம்பி, மூணு அதிகாரம் படிச்சிட்டுப் போடா" என்றார்கள். ஆபிஸ் பஸ் ஆறு நாற்பதுக்கு. ஐந்து மணிக்கு எழுந்து, அதே சமையலறை லைட்டில், அதே கறுப்பு அட்டை பைபிளில் படித்தேன். அம்மாவுக்குப் பாதி மனப்பாடம். நான் ஒரு விகுதியை விழுங்கினால்கூடக் கண்ணில் பச்சைத் துணியோடு திருத்துவார்கள்.

ஒரு நாள் மாற்கு 14. முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டே தெரியாது தெரியாது என்று சொல்லும் இடம். புத்தகத்தில் பேதுரு என்றுதான் இருக்கிறது. என் வாயில் ராயப்பர் என்று வந்துவிட்டது. நிறுத்தினேன். அம்மா திருத்துவார்கள் என்று காத்திருந்தேன். கீழே தெருவில் மீன் கூடைக்காரம்மா குரல் கொடுத்துக்கொண்டு போனாங்க.

"ம்" என்றார்கள் அம்மா. "மேல படி."